வெயில் எங்கே போயிற்று?

கதையிலே வெயிலைக் கொண்டுவருவது சுலபம். அதைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். 'சுட்டெரிக்கும் வெயில்' என்று முதல் வரியில் எழுதிவிடுகிறோம். இரண்டாவது பாராவில் கதாநாயகன் நடுத்தெருவில் சாவகாசமாக நின்றுகொண்டு காதலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறான். அவன் நெற்றியில் வேர்வை இல்லை, நாக்கு வறளவில்லை, நிழலைத் தேடி ஓர் அடிகூட நகரவில்லை. எழுதியவருக்கு வெயில் மறந்துபோய்விட்டது, படிக்கிறவருக்கும் மறந்துபோகிறது. இந்தச் சின்ன மறதியினால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் சில கதைகளில் வரத்தான் வருகிறது. வெயிலோடு சேர்ந்து கதையின் உயிரான ஒரு கேள்வியும் காணாமல் போய்விடுகிறது. அதற்கு ஓர் உதாரணமாக, 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 'லகான்' என்ற ஹிந்திப் படத்தை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன்.

நல்ல படம் என்பதனால்தான் அதை எடுத்துக்கொள்கிறேன். மோசமான படத்தில் வெயில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அசுதோஷ் கோவாரிகர் கதை எழுதி டைரக்ட் செய்து, ஆமிர்கான் தயாரித்து, தாமே கதாநாயகனாகவும் நடித்த படம் இது. ஏ. ஆர். ரஹ்மானின் சங்கீதம். மூன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. அவ்வளவு நேரமும் ஜனங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார்கள். 'மதர் இந்தியா', 'சலாம் பம்பாய்' என்ற இரண்டு படங்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் ஆஸ்கர் பரிசுக்கான கடைசிப் பட்டியல்வரை சென்ற மூன்றாவது இந்தியப் படம் இதுதான். அந்தப் பரிசு போஸ்னியா நாட்டுப் படமொன்றுக்குப் போயிற்று. அதனால் இந்தப் படத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருஷம் 1893. சம்பானேர் என்று ஒரு கிராமம். மழை பொய்த்துவிட்டது. குடியானவர்களால் நிலவரி கட்ட முடியவில்லை. பக்கத்துப் பட்டாளத்து அதிகாரியான காப்டன் ரஸ்ஸல் வரியை இரட்டிப்பாக்குகிறான். முறையிடப் போன இடத்திலே வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். புவன் என்ற இளைஞன் அதைப் பார்த்து, நாங்கள் சின்ன வயசிலேயே ஆடிய கில்லித்தண்டாவைப் போலல்லவா இருக்கிறது என்று இளப்பமாகப் பேசிவிடுகிறான். ரஸ்ஸல் பந்தயம் வைக்கிறான். எங்களை இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் மூன்று வருஷத்துக்கு வரியே கிடையாது. தோற்றாலோ மூன்று மடங்கு வரி. தயார் செய்துகொள்ள மூன்று மாத அவகாசம். பதினொரு கிராமத்தான்கள், பெரும்பாலும் மட்டையைத் தொட்டறியாதவர்கள், பந்தடிக்கக் கற்றுக்கொண்டு பட்டாளத்து வெள்ளைக்காரர்களோடு மூன்று நாள் ஆடுகிறார்கள். கடைசிப் பந்தில் புவன் சிக்ஸர் அடிக்க, கிராமம் ஜெயிக்கிறது. அந்த க்ஷணத்தில் மழையும் கொட்டுகிறது.

ஆக, கதையின் மூலகாரணம் வெயில். மழை பெய்திருந்தால் வரி கட்டியிருப்பார்கள்; வரி கட்டியிருந்தால் பந்தயம் இல்லை. இதை டைரக்டர் நன்றாக அறிந்திருக்கிறார். படத்தின் ஆரம்பத்திலே ஒரு மேகக் காட்சி வருகிறது. கருமேகம் திரண்டு வருகிறது. கிராமம் முழுவதும் வீட்டைவிட்டு வெளியே வந்து ஆடுகிறது, பாடுகிறது. ரஹ்மானின் தாளம் இடியைப்போல முழங்குகிறது. பாட்டு முடிகிறபோது மேகம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கலைந்து போய்விடுகிறது. ஆடிய ஜனங்கள் அப்படியே நிற்கிறார்கள். பாட்டு என்றாலே கதையை நிறுத்திவைக்கிற நம் சினிமாவில், ஒரு பாட்டு கதையை இவ்வளவு தூரம் நகர்த்தியதை நான் அதிகம் பார்த்ததில்லை. வானம் ஏமாற்றுவது எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் வெயில் போய்விடுகிறது.

நான் வெளிச்சத்தைச் சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கிறது, படப்பிடிப்பு நடந்ததே குஜராத்தின் கச்சுப் பிரதேசத்தில், பூஜ் நகருக்குப் பக்கத்தில்தான். மண் வெடித்துக் கிடக்கிறது, புழுதி பறக்கிறது. கண்ணுக்கு எல்லாம் இருக்கிறது, உடம்புக்குத்தான் ஒன்றும் இல்லை. மூன்று நாள் வெட்டவெளியில் ஆடுகிற இருபத்திரண்டு மனிதர்களில், வெயிலினால் மட்டும் ஒருவனுடைய விதி மாறிவிட்டது என்று சொல்ல ஒரு சம்பவம் இல்லை. ஒருவனுக்குக் காலில் அடிபடுகிறது. ஒருவன் பொறாமையினால் துரோகம் செய்கிறான். ஒருவன் ஆவேசத்தினால் ஆட்டம் இழக்கிறான். தாகத்தினால் யாரும் எதையும் இழப்பதில்லை. வானம் வறண்டதால் பிறந்த கதையில், கதாபாத்திரங்களின் தொண்டை வறளவில்லை.

கோடை வெயிலில் கிரிக்கெட் ஆடுவது என்றால் என்ன என்பது நமக்குத் தெரியாததல்ல. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தைப் பற்றி அறிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். டீன் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்று 210 ரன் எடுத்தார். நடுவில் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார், தசை பிடித்துக்கொண்டது, ஆட்டம் இழந்து திரும்பியபின் ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பிலே உப்பு நீர் ஏற்ற வேண்டியிருந்தது. அவர் கைதேர்ந்த விளையாட்டுக்காரர். அவருக்கே அந்தக் கதி. ஐந்தாவது நாள் ஆட்டம் சரிக்குச் சரியாக முடிந்தது. டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எவரும் வெயிலைச் சொல்லாமல் பேச முடியாது.

நம் ஊர்ச் சூடு புழுக்கச் சூடு. வேர்வை உடம்பிலேயே வழிந்துகொண்டு நிற்கும். கச்சுச் சூடு வறட்டுச் சூடு. அங்கே வேர்வை வந்த சுவடே தெரியாது. வந்ததும் காற்று உறிஞ்சிவிடும். சட்டையில் உப்புத்தான் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். உடம்பிலிருந்து தண்ணீர் போனது மனிதனுக்கே தெரியாமல் போய்விடும், அதுதான் ஆபத்து. பக்கத்திலேயே உப்புப் பாலைவனமான ரண் பரந்து கிடக்க, முதுகில் உப்புப் பூத்த ஒரு சட்டையைக் காண்பிக்க வேண்டும் என்று காமிராவுக்குத் தோன்றாமல் போனது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்தப் படத்தில் சரித்திரப் பிழை பார்த்தவர்கள் உண்டு. 1893ல் இங்கிலாந்தின் விதிப்படி ஓர் ஓவருக்கு ஐந்து பந்துதான். ஆறு பந்து 1900ல்தான் வந்தது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தால் ஆறு ரன் என்பதும் 1910ல் வந்த விதி. அதற்கு முன்னால் மைதானத்துக்கே வெளியில் போய் விழுந்தால்தான் ஆறு. அந்தக் கணக்குப்படி பார்த்தால், புவன் அடித்ததை ரஸ்ஸல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்று பிடித்த அந்தக் கடைசிப் பந்து, கிராமத்துக்குப் போதுமான ரன்னைத் தந்திராது. இதையெல்லாம் நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. கதை சொல்கிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு. பார்க்கிற ஜனங்களுக்குச் சிக்ஸர் என்றால் என்னவென்று தெரியும். அதை மாற்றிச் சொல்லிக் குழப்புவானேன்? புஸ்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பிழையை மன்னித்துவிடலாம். உடம்பு தானே அறிகிற ஒன்றை விட்டுவிட்டால், அதை மன்னிப்பது அவ்வளவு சுலபமல்ல.

முதலில் கதைத் தொழிலின் கண்ணால் பார்ப்போம். வெள்ளைக்காரர்கள் முதலில் மட்டை பிடிக்கிறார்கள். முந்நூறு ரன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். ஒன்றரை நாள் போல ஆடுகிறார்கள். அவ்வளவு நேரமும் அவர்களில் இரண்டே பேர் வெயிலில் நிற்க, மற்றவர்கள் கூடாரத்து நிழலில் இருக்கிறார்கள். கிராமத்தார் பதினொரு பேரும் வெயிலில் ஓடுகிறார்கள். பிறகு முறை மாறுகிறது. வெள்ளைக்காரர்கள் பதினொரு பேரும் வெயிலுக்கு வரவேண்டும். கோடை வந்தால் மலைக்குப் போகிற ஜாதி அது. 1864 முதல் இந்திய சர்க்காரே கோடையில் சிம்லாவுக்குப் போயிற்று. சென்னை ராஜதானி சர்க்கார் 1870 முதல் உதகமண்டலத்துக்குப் போயிற்று. சென்னையில் வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் எதிரெதிராக ஆடிய பிரஸிடென்ஸி ஆட்டம் 1950களின் ஆரம்பம்வரை சேப்பாக்கத்தில் நடந்துவந்தது. அதற்குப் பொங்கல் ஆட்டம் என்றே பேர். தை மாதத்துக் குளிர்ச்சியில்தான் துரைகளுக்கு ஆட்டம் ஓடும்.

அப்படியிருக்க, மழைக்கு ஏங்கிக் கிடக்கிற ஒரு பருவத்தில், சமவெளியில், மூன்று நாள் ஆடுவதற்கு ரஸ்ஸல் ஒப்புக்கொண்டானே, அவனுடைய ஆட்களில் ஒருவனாவது முணுமுணுக்க வேண்டாமா? புவன் குடியானவன். ஏர் பிடித்தவன். உச்சி வெயிலில் எவன் எத்தனை நாழிகை தாங்குவான் என்பது அவனுக்கு அத்துபடி. ஆட்ட நுணுக்கத்தில் துரைகளை மிஞ்ச முடியாது. வெயில் தாங்குவதில் மிஞ்சலாம். இரண்டாம் நாள் மத்தியானம் முதல் அவர்களை ஓடவிட்டு ஓடவிட்டு அலுக்க வைப்போம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வெயில் கிராமத்தின் பன்னிரண்டாவது ஆட்டக்காரனாக ஆகியிருக்கும். கிராமத்தான்கள் ஜெயித்ததற்கு, பார்க்கிறவர்கள் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு காரணமும் கிடைத்திருக்கும். இப்போது கிடைக்கிற காரணம் என்ன? கடைசிப் பந்து நோபால் ஆகிவிடுகிறது. அதனால் இன்னொரு பந்து கிடைக்கிறது. அதிர்ஷ்டத்தை நம்பிய இடத்தில் வெயிலை நம்பியிருக்கலாம்.

இன்னோர் இடம். லாகா என்பவன் புவன்மீது பொறாமை கொண்டவன். ரஸ்ஸலிடம் ரகசியமாகப் போய்ச் சேர்ந்து, முதல் நாள் ஆட்டத்தில் வேண்டுமென்றே பந்தைக் கோட்டைவிடுகிறான். பார்க்கிற நமக்கு அவன் துரோகி என்பது முன்பே தெரியும். கிராமத்தாருக்குப் பிறகு தெரிகிறது. உயரத்திலிருந்து இறங்குகிற பந்தைப் பிடிக்கப் போகிறவன் கண்ணில் சூரியன் பட்டால் பந்து தெரியாது என்பது, தெருவில் பந்தடித்த சிறுவனுக்குக்கூடத் தெரியும். 'வெயில் கண்ணிலே அடித்துவிட்டது' என்று லாகா சொல்லட்டும். புவன் நம்பட்டும், பாதிப் பேர் நம்பாமல் இருக்கட்டும், நமக்கும் நிச்சயமாகத் தெரியாமல் இருக்கட்டும். ஓர் இரவு முழுவதும் கிராமம் அந்தச் சந்தேகத்தோடு படுத்துப் புரண்டிருக்கும். பிறகு வரும் மன்னிப்புக்கும் கனம் கூடியிருக்கும். வெயிலை மறந்ததினால் டைரக்டர் இழந்த காட்சிகளில் இதுவும் ஒன்று.

இவையெல்லாம் உத்தியைப் பற்றிய பேச்சு. இவ்வளவோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம்.

புவனின் கோஷ்டியில் பதினொன்றாவது ஆளாகச் சேருகிறவன் கச்ரா. ஹிந்தியில் அந்தச் சொல்லுக்குக் குப்பை என்று அர்த்தம். ஊர் தீண்டாமல் ஒதுக்கி வைத்தவன். ஒரு கை ஊனம். மற்றவர்கள் பழகுகிறபோது எட்ட நின்று வேடிக்கை பார்க்கிறான். பந்து உருண்டு அவன் பக்கம் போகிறது. எடுத்துப் போடு என்கிறான் புவன். நடுங்கிக்கொண்டே ஊனமான கையால் போடுகிறான். பந்து தரையில் பட்டதும் பாம்பு மாதிரி திரும்புகிறது. இவன் வேண்டும் என்கிறான் புவன். இவனோடு ஆடமாட்டோம் என்கிறார்கள் மற்றவர்கள். புவன் இராமபிரானையும் சபரியையும் சாட்சிக்கு அழைத்து ஆவேசமாகப் பேசுகிறான். எல்லோரும் தலைகுனிகிறார்கள், கச்ரா சேர்ந்துவிடுகிறான். ஒரு பேச்சு, ஐந்தாறு நிமிஷம். ஆயிர வருஷத்து விஷயம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டத்தில் அவன் தொட்ட பந்தை எல்லோரும் தொடுகிறார்கள், அவனைத் தழுவிக்கொள்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு கூச்சம் இல்லை.

இந்த இடத்தில் வெயிலைத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். மூன்று நாள் ஆட்டம். வறட்டுச் சூடு. ஒரு மணிக்கு ஒரு தரமாவது தண்ணீர் குடிக்காமல் யாரும் நிற்க முடியாது. எல்லைக்கோட்டருகே ஒரு பானை வந்துதான் ஆகவேண்டும். பானை வந்தால் அதன்மேல் ஒரு லோட்டா வரும். பதினொரு பேரும் அதைச் சுற்றி வந்து நிற்பார்கள். கச்ரா எங்கே நிற்பான்? அதே லோட்டாவை எடுப்பானா? அல்லது குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்க, மேலேயிருந்து ஒருவர் ஊற்றுவாரா? ஊற்றுகிறவர் யார்? கோஷ்டியில் ஈஸ்வர் என்ற வைத்தியர் இருக்கிறார். வயதானவர், கதாநாயகியின் தகப்பனார். அவர் கச்ராவுக்கு முன்னால் குடிப்பாரா, பின்னால் குடிப்பாரா? பின்னால் குடிக்க நேர்ந்தால் அந்த லோட்டாவை ஒரு விநாடி கையில் வைத்துக்கொண்டு யோசிப்பாரா?

பந்தைப் பொதுவாக்கிவிடலாம், பந்து தோல். ஜாதி ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் தண்ணீர். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்கள் நம்முடையவை. மேடையில் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டு பேசியவர்கள், வீட்டுக்கு வந்தவனுக்கு எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுப்பது என்று சமையலறை வாசலில் தயங்கி நின்றதை நம்மில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். 'லகான்' படத்தில் வெயில் கடைசிவரை இருந்திருந்தால் தாகம் வந்திருக்கும். தாகம் வந்திருந்தால் பானை வந்திருக்கும். பானை வந்திருந்தால், புவனின் பிரசங்கத்தினால் தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணிய விஷயம் தீரவில்லை என்பது வெட்டவெளிச்சமாகியிருக்கும். டைரக்டர் தெரிந்தே தவிர்த்தார் என்று நான் சொல்லவில்லை. வெயிலை விட்டதனால் கேள்வியும் தப்பித்துக்கொண்டது என்றுதான் சொல்கிறேன்.

இது என் கற்பனையில் முளைத்த ஆட்சேபம் அல்ல என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். 1876ல் தார்வாரில் பிறந்தவர்; தோல் தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவர்; இடக்கையால் பந்தைச் சுழற்றிப் போடுவதில் நிபுணர். 1890களின் தொடக்கத்தில், அதாவது படத்தில் கச்ரா பந்து போடுகிற அதே காலத்தில், பாலு பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் கூலிக்கு வேலை பார்த்தார். ஆடுகளத்தை உருளை போட்டுச் சமன் செய்வது, வலை கட்டுவது, கோடு போடுவது, துரைகள் மட்டை பிடித்துப் பழக மணிக்கணக்கில் பந்து போடுவது, இவைதாம் அவர் வேலை. பாலு பந்து போடலாம், துரைகள் அடிப்பார்கள். அவருக்கு மட்டை பிடிக்கும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலேயும் ஏறக்குறைய இதே ஏற்பாடு ஒன்று இருந்தது. பொழுதுபோக்குக்கு ஆடுகிற கனவான்கள் ஒரு கட்சி, கூலிக்கு ஆடுகிறவர்கள் ஒரு கட்சி என்று பிரித்து, 1806லிருந்து 1962 வரை இரு கட்சிக்கும் ஆட்டம் வைத்தார்கள். பந்து போட்டுத் தோள் வலிக்கிற வேலையில் பெரும்பகுதி கூலிக் கட்சிக்காரர்களுக்குத்தான். வெயிலும் அப்படித்தான் பங்கிடப்பட்டது.

பாலுவின் பந்து துரைகளையே திணற அடித்தது. சேதி ஊருக்குள் பரவ, பூனாவின் ஹிந்து கிளப்பார் அவரைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்கள். ஜெயிக்க வேண்டுமே! மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். படத்தில் வருவதுபோலவே. ஆனால் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் வந்தது. முகம் கழுவ வேண்டுமானால் அவர் ஜாதியைச் சேர்ந்த வேலைக்காரன் ஒருவன் மைதானத்தின் மூலைக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினான். சாப்பாடு தனித் தட்டு, தனி மேஜை. ராமச்சந்திர குஹா இந்திய கிரிக்கெட்டைப் பற்றி எழுதி 2002ல் வெளிவந்த சரித்திர நூலில் இதையெல்லாம் விஸ்தாரமாகப் படிக்கலாம். படம் வந்ததற்கு அடுத்த வருஷம் புஸ்தகம் வந்தது என்பது ஒரு விசித்திரம்தான்.

அந்த மண் குவளை போக எத்தனையோ வருஷம் ஆயிற்று. 1911ல் இந்தியக் கோஷ்டியோடு இங்கிலாந்து சென்று, அந்தப் பிரயாணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார் பாலு. அப்படியும் ஹிந்துக் கோஷ்டிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை. 1923ல் அவருடைய தம்பி விட்டல்தான் அந்த ஸ்தானத்துக்கு வர முடிந்தது. ஒரு குடும்பம் முப்பது வருஷம் வெயிலில் நின்று நடந்த தூரத்தைப் படம் ஒரு பிரசங்கத்தில் தாண்டிவிடுகிறது.

இன்னும் ஒரு வித்தியாசமும் உண்டு; ஒரு கதாசிரியன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது அதுதான். புவனின் கோஷ்டியில் உள்ளவர்களின் கைத்திறமை பெரும்பாலும் அவரவர் பிழைப்பிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் வருவதாகக் காண்பித்திருப்பது படத்தின் மிக அழகான யோசனை. கோழி வளர்க்கிற பூரா, கோழியைத் துரத்திப் பிடித்த கையால் பந்தைப் பிடிக்கிறான். கோலி, கவண் சுற்றிய கையால் பந்தைச் சுற்றி எறிகிறான். உழைப்பவனின் கை எதையும் கற்றுக்கொள்ளும் என்பதைப் படம் இதைவிட நயமாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கச்ராவுக்கு வரும்போது மட்டும் அந்த யோசனை கைவிடப்படுகிறது. அவன் திறமை அவனுடைய உழைப்பிலிருந்து வரவில்லை, ஊனத்திலிருந்து வருகிறது. அவன் ஒன்றும் கற்கவில்லை, பழகவில்லை, கை கோணலாக இருந்ததால் பந்தும் கோணலாகத் திரும்பிற்று. மற்றவர்களுக்குப் பயிற்சி, இவனுக்கு மட்டும் தெய்வாதீனம். பாலுவோ மணிக்கணக்காக, மாதக்கணக்காக, வெயிலில் நின்று பந்து போட்டுப் போட்டுத்தான் அந்தத் திறமையைச் சம்பாதித்தார். உழைப்பைக் காண்பிக்க வேண்டுமென்றால் வெயிலைக் காண்பித்தாக வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் படம் உண்மைக்கு வெகு அருகில் வருகிறது. முதலில் கச்ராவின் பந்து திரும்புவதே இல்லை. ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. பந்து புதிது, பளபளப்புத் தேய்ந்து பழசானால்தான் திரும்பும் என்று பிறகு தெரிகிறது. மறுநாள் தேய்ந்த பந்தைக் கையில் எடுத்து, அடுத்தடுத்து மூன்று பேரை வீழ்த்துகிறான். இது உண்மை, ஆட்டம் தெரிந்தவர் எழுதிய காட்சி. வறண்ட மண்ணும் வெயிலும் தோலை எப்படித் தேய்க்கும் என்பது டைரக்டருக்குத் தெரிந்திருக்கிறது. பந்துக்குக் காண்பித்த அந்தக் கவனத்தை மனிதனுக்கும் காண்பித்திருக்கலாமே என்றுதான் ஆதங்கமாக இருக்கிறது.

வாசகர்கள் கேட்கலாம்: ஜனரஞ்சகமான ஒரு சினிமாவிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா? பாட்டும் காதலும் பந்தயமும் வைத்து மூன்றே முக்கால் மணி நேரம் நகர்த்த வேண்டியவரிடம் பானையும் லோட்டாவும் கேட்கலாமா? கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன். நம் தமிழிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. கோமல் சுவாமிநாதன் நாடகமாக எழுதி, கே. பாலசந்தர் 1981ல் படமாக எடுத்த 'தண்ணீர் தண்ணீர்' கதையை எண்ணிப் பாருங்கள். கோவில்பட்டிச் சீமையில் அத்திப்பட்டி என்று ஒரு கிராமம், குடிதண்ணீர் இல்லை, அதுதான் கதை. அந்தத் தாகம் முதல் காட்சியில் தலைகாட்டிவிட்டு ஓய்வெடுத்துக்கொள்வதில்லை. யார் யாரோடு பேசினாலும், யார் ஊருக்குள் வந்தாலும், யார் ஊரைவிட்டுப் போனாலும், நடுவிலே தண்ணீர் நிற்கிறது. அதுவும் ஜனங்கள் பார்த்து ரசித்த படந்தான். காரணத்தைக் கடைசிவரை கைவிடாமல் இருப்பது ஜனரஞ்சகத்துக்கு விரோதம் அல்ல.

'லகான்' கடைசியில் மழை பெய்கிறது. யாரும் யாரையும் கேட்காமல் எல்லோரும் நனைகிறார்கள். பார்க்கிறவர்களுக்கும் மனசு குளிர்ந்துபோகிறது. எனக்கும் குளிர்ந்தது, அதை மறைப்பானேன்? அதன் பிறகு கதை சொல்கிற குரல் சில தகவல்களைத் தெரிவிக்கிறது. பட்டாளம் அந்த ஊரைவிட்டுப் போயிற்று. புவன் தன் கௌரியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரப் பெண் அவன் நினைவோடு சீமைக்குத் திரும்பிக் கடைசிவரை தனியாகவே இருந்தாள். புவனின் பெயர் சரித்திரத்தில் இடம் பெறவில்லை.

கச்ரா என்ன ஆனான் என்று அந்தக் குரல் சொல்லவில்லை. அவ்வளவு மழை பெய்திருக்கிறது. மறுநாள் காலை ஊர்க் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கும். குடங்களை எடுத்துக்கொண்டு எல்லோரும் போயிருப்பார்கள். முதல் நாள் அவனைத் தோளில் தட்டிக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர், அவன் அந்தக் கிணற்றில் கயிறு இறக்க வழிவிட்டு நின்றிருப்பார்கள்? படம் பார்த்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தக் கிணற்றடிதான் கண்முன் வருகிறது.